இரும்பு வெட்டுவோன் பேரன்



இன்று உங்களிடம் ஒரு பெயரின் கதையைக் கூறிட வந்துள்ளேன். மன்னர்களின் கதையை எழுத ஆயிரம் புலவர் உண்டு; இது ஏழை உழைப்பாளி ஒருவனின் தோளிலே பிறந்த பெயரின் கதை. அப்பெயர் ஊர்விட்டு ஊர் சென்றது, கடல் கடந்தது, ஏளனத்துக்கு ஆளானது, பின்னர் ஏற்றம் பெற்றது, முடிவில், தான் புறப்பட்ட மண்ணுக்கே ஒரு பெரும்படையின் தலைமையில் திரும்பி வந்தது. அந்தக் கதைக்குள் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அது என்ன என்பதை முடிவிலே பேசுவோம், முதலில் கதை.

1959-ம் ஆண்டு டிசம்பர்த் திங்கள். டில்லி மாநகரின் வீதிகளிலே மக்கள் வெள்ளம். பதவியில் இருக்கும்போதே இந்திய மண்ணை மிதித்திட்ட முதல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரைக் காணத் திரண்ட கூட்டம் அது. மாலைகள் குவிந்தன, மலர்கள் பொழிந்தன, வாழ்த்தொலி வானைப் பிளந்தது. வந்தவர் பெயர் ட்வைட் ஐசனோவர். நம் ஏடுகளெல்லாம் 'ஐசனோவர், ஐசனோவர்' என்று கொட்டை எழுத்திலே அச்சடித்தன.

அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன? பெரும் பிரபு என்றா? போர்க்களத்துப் புலி என்றா? இல்லை, தோழர்களே! அது ஆங்கிலச் சொல்லே அல்ல. ஜெர்மன் மொழியிலே 'ஐசன்ஹௌவர்' என்பதன் திரிபு. ஐசன் என்றால் இரும்பு. ஹௌவர் என்றால் வெட்டுவோன். இரும்பு வெட்டுவோன்! உலைக்களத்துப் புகையிலே கண் சிவந்து, உடல் கறுத்து நின்றானே ஒரு தொழிலாளி, அவன் பெயர்தான் வெள்ளை மாளிகை வரை சென்று குடியேறியது.

குடும்பப் பெயர் என்றால் நம்மில் பலருக்குச் சற்றுப் புதிராக இருக்கும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக் கொள்கிறோம். அந்த எழுத்து நம்மோடு நின்றுவிடுகிறது. நம் பிள்ளைக்கு நம்முடைய எழுத்து வந்துவிடுகிறது. ஜெர்மானியருக்கு அப்படியல்ல. பாட்டன் பெயர் எதுவோ அதுவே பேரனுக்கும், அவன் பேரனுக்கும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

இடைக்காலத்தின் முற்பகுதியில் ஜெர்மன் நாட்டுச் சிற்றூர்களிலே ஒருவனுக்கு ஒரு பெயர்தான். ஹான்ஸ் என்றால் ஹான்ஸ், அவ்வளவே. பன்னிரண்டாம் நூற்றாண்டு தொடங்கி நகரங்கள் வளர்ந்தன, வணிகம் வளர்ந்தது, வரி வாங்குவோரின் ஓலையும் வளர்ந்தது. ஒரே தெருவிலே பத்து ஹான்ஸ் இருந்தால் எந்த ஹான்ஸிடம் வரி கேட்பது? மாவு அரைக்கிறானே, அந்த ஹான்ஸ் — முல்லர். கொல்லுப் பட்டறை வைத்திருக்கிறானே, அந்த ஹான்ஸ் — ஷ்மிட். துணி தைப்பவன் ஷ்னைடர். தறியிலே அமர்ந்தவன் வேபர். வலை வீசுபவன் ஃபிஷர். இவ்வாறு உழைப்பே பெயரானது. இன்றளவும் ஜெர்மனியில் மிகுதியாகக் காணப்படும் குடும்பப் பெயர் முல்லர், அதற்கடுத்து ஷ்மிட், அதற்கும் அடுத்து ஷ்னைடர். மாவு அரைத்தோனும் இரும்பு அடித்தோனும் துணி தைத்தோனுமே அந்நாட்டின் பெயர்ப் பட்டியலில் முதல் மூன்று இடங்களைப் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள்!

முல்லர் என்றதும் உங்களுக்கு ஒரு நினைவு வரலாம். ஆம், மாக்ஸ் முல்லர்! 1849 முதல் 1874 வரை இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்து ரிக் வேதத்தைப் பதிப்பித்து அச்சேற்றிய அறிஞர். உழைப்போன் காதிலே விழவும் கூடாது என்று பூட்டி வைக்கப்பட்டிருந்த ஏட்டினை, மாவு அரைப்போன் என்று பெயர் தாங்கிய ஒருவர் அச்சேற்றி, உலகத்தார் அனைவரும் படித்திட வெளியிட்டார். வரலாற்றுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு என்பது விளங்குகிறதல்லவா?

இன்னொன்றையும் கவனியுங்கள். தொழில் பெயரானது, ஆனால் பெயர் விலங்காகவில்லை. கொல்லன் பெயர் தாங்கிய ஹெல்முட் ஷ்மிட், 1974 முதல் 1982 வரை மேற்கு ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக இருந்தார். நெசவாளி பெயர் தாங்கிய மாக்ஸ் வேபர், சமூகவியல் என்ற அறிவுத் துறைக்கே அடித்தளம் இட்டவர்களில் ஒருவரானார். 'உன் பெயர் ஷ்மிட். ஆகவே உலைக்களத்துக்குப் போ' என்று அவர்களை எவரும் விரட்டவில்லை. பாட்டன் செய்த தொழிலின் நினைவுச் சின்னமாகப் பெயர் நின்றது; பேரன் செய்ய வேண்டிய தொழிலின் கட்டளையாக அது மாறவில்லை. இந்த வேறுபாட்டை மனத்திலே குறித்துக் கொள்ளுங்கள்.

இனி, நம் இரும்பு வெட்டுவோன் வீட்டுக்கு வருவோம்.

ஜெர்மனியின் மேற்கு ஓரத்திலே, பிரெஞ்சு எல்லையையொட்டி, சார் என்ற பகுதி உண்டு. அங்கே கார்ல்ஸ்புருன் என்றொரு சிற்றூர். ஹான்ஸ் நிக்கோலஸ் ஐசன்ஹௌவர் என்பவர் அவ்வூர்க்காரர். 1741-ம் ஆண்டு, மூட்டை முடிச்சுகளோடு குடும்பத்தை அழைத்துக்கொண்டு அவர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்.

சொந்த ஊரை விட்டுப் போக எவனுக்கு மனம் வரும்? பிறந்த வீடு, பெற்றோர் உறங்கும் இடுகாடு, பேசிப் பழகிய மொழி, இவை அத்தனையையும் விட்டுக் கிளம்புகிறான் என்றால், அவனைத் தள்ளுகிற கை ஒன்று பின்னாலே இருக்க வேண்டும். அந்தப் பகுதி மக்களைத் தள்ளிய கைகள் பல. 1618 முதல் 1648 வரை நடைபெற்ற முப்பதாண்டுப் போர் ஊர்களைச் சுடுகாடாக்கியது. எஞ்சியதை மீட்டெடுத்து இரண்டு தலைமுறை வாழ்வதற்குள், பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் படைகள் வந்தன. 1689-ல் ஹைடல்பர்க், மன்ஹைம், ஸ்பையர், வொர்ம்ஸ் ஆகிய நகரங்கள் தீக்கிரையாயின. 1709-ல் வந்த கொடுங்குளிர் திராட்சைக் கொடிகளையும் கருக்கியது. இத்தனைக்கும் நடுவிலே சிற்றரசர்களின் வரிக் கொடுமை! மன்னனுக்கு மாளிகை, மக்களுக்குப் பட்டினி. ஆகவே ரைன் ஆற்றங்கரை மக்கள் ஆயிரக்கணக்கிலே கிளம்பினர். கிழக்கே சிலர், மேற்கே பலர்.

பயணம் எப்படியிருந்தது? ரைன் ஆற்றிலே படகு, வழி நெடுகச் சுங்கச் சாவடிகள், சாவடிதோறும் காத்திருப்பு, கைக்காசு கரைந்துபோகும். பிறகு ராட்டர்டாம் துறைமுகம், அங்கிருந்து கப்பல். 1750-ல் அப்படிப் பயணம் செய்த காட்லீப் மிட்டல்பெர்கர் என்பவர், தாம் கண்டதையெல்லாம் நூலாக எழுதி வைத்திருக்கிறார். நாற்றம், நோய், புழுத்த உணவு, கெட்ட தண்ணீர், கடலிலே வீசப்பட்ட குழந்தைகளின் உடல்கள்! கரை சேர்ந்த பிறகும் கட்டணம் செலுத்த இயலாதோர் கப்பலை விட்டு இறங்கிட முடியாது. யாராவது ஒரு முதலாளி வந்து அந்தக் கடனைக் கட்டுவான். அதற்கு ஈடாகச் சில ஆண்டுகள் அவனுக்குக் கூலியின்றி உழைத்திட வேண்டும். கணவன் ஓர் ஊருக்கு, மனைவி ஓர் ஊருக்கு, மகன் வேறோர் ஊருக்கு என்று குடும்பங்கள் சிதறியதும் உண்டு. கண்டியின் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயாவின் இரப்பர்த் தோட்டத்துக்கும் கப்பலேறிய நம்மவர் கண்ணீரை அறிந்த உங்களுக்கு, இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

நாடக மேடையிலே பழகியவன் நான். ஆகவே அடுத்த செய்தியைக் காட்சியாகவே காட்டிட அனுமதியுங்கள். இடம்: பிலடெல்பியா துறைமுகம். மேசையின் முன்னே ஓர் எழுத்தர். எதிரே வரிசையாக ஜெர்மானியர். பிரிட்டிஷ் மன்னருக்குப் பணிந்து நடப்போம் என்று, 1727 முதல், ஜெர்மன் ஆடவர் ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டும் என்பது அங்கே விதி.

"பெயர்?"

"ஐசன்ஹௌவர்."

"என்ன? மறுபடியும் சொல்!"

இந்த உரையாடல் என் கற்பனைதான். ஆனால் அத்தகைய மேசைகளின் முன்னே, ஆங்கிலக் காதிலே விழுந்த ஜெர்மன் ஒலிகள் ஆங்கில எழுத்திலே வேறு உருவம் பெற்றது கற்பனையல்ல. முல்லர் மில்லரானார். ஷ்மிட் ஸ்மித்தானார். எல்சாஸ் பகுதியிலிருந்து வந்த ஃபெர்ஷின் என்பாரின் மரபினர் பெர்ஷிங் ஆயினர். காலப்போக்கிலே ஐசன்ஹௌவரும் ஐசனோவரானது. உச்சரிக்கத் தெரியாதவன் எழுதியதே ஊர் அறிந்த பெயராகிவிட்டது!

வந்தவர்களுக்கு வரவேற்பு எப்படி? இங்கேதான் ஒரு வேடிக்கை. பிலடெல்பியாவிலே அப்போது ஒரு பேரறிஞர் வாழ்ந்து வந்தார். இடியின் இரகசியத்தை ஆராய்ந்தவர், பின்னர் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், பெஞ்சமின் ஃபிராங்ளின். 1751-ல் அவர் மக்கட்பெருக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலேயர் அமைத்த பென்சில்வேனியா அயலாரின் குடியேற்றமாவதா, இந்த ஜெர்மானியர் நம் மொழியையோ நம் பழக்கவழக்கங்களையோ ஏற்கப் போவதில்லை, நாளடைவில் நம்மையே ஜெர்மானியராக்கி விடுவார்கள் என்று அதிலே அங்கலாய்த்தார். அத்தோடு நின்றாரா? சாக்சன் மக்களைத் தவிர ஏனைய ஜெர்மானியரெல்லாம் மங்கிய கறுப்பு நிறத்தவர், வெள்ளையர் பட்டியலிலே சேர மாட்டார் என்றும் எழுதி வைத்தார்!

கேட்டீர்களா தோழர்களே! ஜெர்மானியர் கறுப்பர்களாம்! எழுதியவர் மூடரல்லர், அந்தக் காலத்தின் முதல்தர அறிவாளி. 'வந்தேறி' என்ற சொல் மூளைக்குள் நுழைந்துவிட்டால், பேரறிஞர் கண்ணுக்கும் நிறம் மாறித் தெரிகிறது. இருநூறு ஆண்டுகள் கூட ஆகவில்லை. அதே ஜெர்மானியரே உலகின் தூய வெண்ணிற இனம் என்று வேறொருவன் கூச்சலிட்டான். ஃபிராங்ளின் கணக்கிலே கறுப்பு. ஹிட்லர் கணக்கிலே வெள்ளை. தோல் மாறவில்லை, கணக்கெழுதியவனின் நோக்கம் மாறியது.

ஐசன்ஹௌவர் குடும்பம் பென்சில்வேனியாவிலே லங்காஸ்டர் பகுதியிலே உழவுத் தொழில் செய்தது. நாளடைவிலே, 'ஆற்றுச் சகோதரர்' என்று அழைக்கப்பட்ட ஒரு கிறித்தவப் பிரிவிலே சேர்ந்தது. எளிமை, உழைப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகப் போர் மறுப்பு, இவை அந்தப் பிரிவினரின் கொள்கை. ஜேக்கப் ஐசனோவர் என்பவர் அப்பிரிவின் போதகர். 1878-ல் சகோதரர் கூட்டம் ஒன்று மேற்கே கிளம்பியபோது, அவரும் குடும்பத்தோடு கான்சாஸ் மாநிலத்துக்குச் சென்றார். ஜேக்கப்பின் மகன் டேவிட் கடை வைத்தார், கடை நொடித்தது. பிழைப்புத் தேடி டெக்சாஸ் மாநிலத்து டெனிசன் ஊரிலே இரயில்வேயில் கூலி வேலைக்குச் சேர்ந்தார். அங்கே 1890-ம் ஆண்டு அக்டோபர் 14-ல் மூன்றாம் மகன் பிறந்தான். அவனே ட்வைட்.

குடும்பம் மீண்டும் கான்சாஸிலே அபிலீன் ஊருக்குத் திரும்பியது. தந்தைக்குப் பால் பண்ணைத் தொழிற்சாலையிலே வேலை. மகனும் பள்ளிப் படிப்பு முடிந்ததும் அதே தொழிற்சாலையிலே இரவு பகலாக உழைத்தான். அண்ணன் எட்கர் கல்லூரியிலே படித்திடப் பணம் அனுப்பினான். 1911-ல் அவன் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியிலே சேர்ந்தான். அங்கே படிக்கக் கட்டணம் இல்லை என்பதும் ஒரு காரணம். போரே பாவம் என்று நம்பிய தாய் ஐடாவுக்கு அது தாங்கொணா வேதனை. ஆனாலும் மகனைத் தடுக்கவில்லை.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. 1917-ல் அமெரிக்காவும் அதிலே இறங்கியது. உடனே பெயர்களுக்குக் காய்ச்சல் வந்தது! எதிரி ஜெர்மனி, ஆகவே ஜெர்மன் பெயருடையவன் எல்லாம் துரோகி. கனடாவிலே பெர்லின் என்ற நகரம் 1916-லேயே கிச்சனர் ஆகிவிட்டது. 1917-ல் இங்கிலாந்து மன்னரே தம் குடும்பத்தின் ஜெர்மன் பெயரைக் களைந்து வின்ட்சர் என்று சூட்டிக் கொண்டார். மன்னரின் உறவினரான பாட்டன்பெர்க் குடும்பம், மலை என்று பொருள்படும் 'பெர்க்'கை ஆங்கிலத்தில் பெயர்த்து, மௌண்ட்பேட்டன் ஆயிற்று. அந்தக் குடும்பத்துப் பிள்ளையே 1947-ல் டில்லியில் இருந்த கடைசி வைசிராய். மன்னனுக்குப் பெயர் மாற்றம் ஒரு அறிவிப்போடு முடிந்தது. ஏழைக்கு?

ஏழைக்கு நடந்தது இது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவிலே சுரங்கத் தொழிலாளியாக உழைத்து வந்தவர் ராபர்ட் பிரேகர். 1918 ஏப்ரல் 5-ம் நாள், இல்லினாய் மாநிலத்துக் காலின்ஸ்வில் ஊரிலே வெறிபிடித்த கூட்டம் ஒன்று அவரை இழுத்துச் சென்று மரத்திலே தூக்கிலிட்டது. வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்டோர் விடுதலையாயினர்.

மொழியும் தப்பவில்லை. அயோவா மாநில ஆளுநர் 1918-ல், பள்ளியிலும் பொது இடத்திலும் வழிபாட்டிலும் தொலைபேசியிலும் கூட ஆங்கிலமே பேச வேண்டும் என்று கட்டளையிட்டார். நெப்ராஸ்கா மாநிலம் 1919-ல் ஒரு சட்டம் செய்தது. எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைக்கு வேற்றுமொழி கற்பிப்பது குற்றம்! பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் மொழி வாசிக்கக் கற்பித்தார் என்று ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்குத் தண்டம் விதித்தனர். அவர் பணிந்தாரில்லை. தலைமை நீதிமன்றம் வரை சென்றார். 1923-ல் அம்மன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்று தள்ளியது. பெற்றோர் விரும்பும் மொழியைப் பிள்ளைக்குக் கற்பிக்கும் உரிமை, அரசு தரும் பிச்சையல்ல என்பது நிலைநாட்டப்பட்டது. மொழிக்காக நின்றோரின் வரலாறு நம் நாட்டோடு முடிவதில்லை, தோழர்களே! கான்சாஸுக்கு அடுத்த மாநிலத்திலே, ஓர் எளிய பள்ளி ஆசிரியரும் அந்த வரிசையிலே நிற்கிறார்.

இங்கே ஒரு முரணைக் காணுங்கள். ஜெர்மன் பெயருக்காக ஏழைகள் அடிபட்ட அதே ஆண்டிலே, பிரான்சில் ஜெர்மனியை எதிர்த்து நின்ற அமெரிக்கப் படையின் தலைமைத் தளபதி யார்? ஜான் பெர்ஷிங்! சற்று முன்னர்க் குறிப்பிட்டேனே, ஃபெர்ஷின் என்று வந்தவரின் வழித்தோன்றல். பெயரைக் கொண்டு துரோகியைக் கண்டுபிடிக்கக் கிளம்பியவர்களின் அறிவு அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வெறியாக வந்து வெறியாகத் தணிந்தது, ஜெர்மனியிலே ஆட்சியாகவே அமர்ந்தது. 1933-ல் ஹிட்லர் அரியணை ஏறினான். ஏறிய சில வாரங்களிலே, ஏப்ரல் 7-ம் நாள் ஒரு சட்டம். அரசு அலுவலர் ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டி யாரென்று சான்று காட்ட வேண்டும். 1935-ல் நியூரம்பர்க் சட்டங்கள். பாட்டன் பாட்டி நால்வரில் மூவர் யூதரென்றால், பேரன் நாட்டின் குடிமகன் அல்லன். வீட்டுக்கு வீடு மக்கள் பழைய தேவாலயப் பதிவேடுகளைத் தேடி ஓடினர். இரத்தத்துக்கு இரசீது கேட்ட ஆட்சி அது!

ஆனால் ஒரு சிக்கல். பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், யூதரின் பெயர்களும் ஜெர்மன் பெயர்களே. பிரஷ்ய அரசுதான் 1812-ல், குடும்பப் பெயர் வைத்துக்கொண்டால் குடியுரிமை என்று யூதரிடம் கூறியது. அவ்வாறே வைத்துக்கொண்டு, நூறாண்டுக்கும் மேலாக அந்நாட்டுக்கு உழைத்தவர்கள் அவர்கள். எனவே 1938 ஆகஸ்டு 17-ல் மற்றொரு கட்டளை பிறந்தது. ஆட்சியார் வகுத்த பட்டியலில் உள்ள பெயர் இல்லாத யூத ஆடவன் ஒவ்வொருவனும் தன் பெயரோடு 'இஸ்ரேல்' என்றும், பெண் ஒவ்வொருத்தியும் 'சாரா' என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1939 ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறை. பெற்ற தாய் இட்ட பெயரின் பக்கத்திலே அரசாங்கம் சூட்டுக்கோல் வைத்தது. முதலில் பெயரிலே அடையாளம்; பிறகு சட்டையிலே அடையாளம்; பிறகு இரயில் வண்டி; பிறகு நச்சுப் புகை. கொலைக்களம் கட்டுவதற்கு நெடுநாள் முன்பே பட்டியல் எழுதி முடிக்கப்பட்டுவிட்டது என்பதை மறவாதீர்!

1944 ஜூன் 6. பிரான்சு நாட்டு நார்மண்டிக் கடற்கரையிலே, ஹிட்லர் கோட்டையை உடைத்திட ஏறத்தாழ 1,56,000 வீரர் ஒரே நாளில் இறங்கினர். அவர்கள் அனைவருக்கும் தலைமைத் தளபதி ட்வைட் ஐசனோவர். கார்ல்ஸ்புருன் சிற்றூரிலிருந்து கிளம்பிய இரும்பு வெட்டுவோனின் வழித்தோன்றல், இருநூற்று மூன்று ஆண்டுகள் கழித்து வந்து நிற்கிறார்! ஹிட்லரின் இரத்தக் கணக்குப்படி அவர் யார்? தந்தை வழியும் ஜெர்மன். தாய் ஐடா ஸ்டோவரின் வழியும் ஜெர்மன். சான்றிதழ் கேட்டிருந்தால் தயக்கமின்றித் தந்திருப்பார்கள். இரத்தம் பேசும் என்றானே, அந்த இரத்தம் பேசியது. பீரங்கி வாயிலாகப் பேசியது!

1945 ஏப்ரல் 12. ஜெர்மனியின் நடுவிலே ஒர்ட்ரூஃப் என்ற ஊரில், எட்டு நாள் முன்னர் கைப்பற்றப்பட்டிருந்த சித்திரவதை முகாமுக்குள் ஐசனோவர் நுழைந்தார். குவிந்து கிடந்த பிணங்களை, ஒரு மூலை விடாமல், நேரிலே பார்த்தார். நாளை எவனாவது வந்து இவையெல்லாம் பொய்ப் பிரசாரம் என்பானாயின், அதை மறுத்திட நேரில் கண்ட சாட்சியாகத் தாம் இருக்க வேண்டும் என்பதற்காகவே பார்த்ததாக எழுதினார். போர்முனையிலே தேவைப்படாத படைப்பிரிவினர் வந்து காண வேண்டும் என்று கட்டளையிட்டார். செய்தியாளரும் நாடாளுமன்றத்தாரும் வர வேண்டும் என்று கேட்டுக் கொண்டார். தம் பாட்டன்மார் பேசிய மொழியிலே எழுதப்பட்ட கொலைப் பட்டியலுக்கு எதிராகச் சாட்சி சொல்ல, அந்தப் பெயருடையவரே நின்றார்.

இத்தோடு நிறுத்தினால் கைதட்டலோடு கதை முடியும். ஆனால் உண்மையை அரைகுறையாக உரைப்பது நம் இயக்கத்தின் வழக்கமல்ல. 1953-ல் ஐசனோவர் குடியரசுத் தலைவரானார். 1954-ல் அவருடைய ஆட்சி, மெக்சிகோவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த உழவுக் கூலிகளை இலட்சக்கணக்கிலே பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளியது. அந்த வலையிலே அமெரிக்கக் குடிமக்களும் சிலர் சிக்கினர். அந்த நடவடிக்கைக்கு இட்ட பெயரே ஒரு வசைச் சொல். ஆற்றை நீந்திக் கடந்து வந்தோரை 'முதுகு நனைந்தவன்' என்று இழித்துரைக்கும் சொல்! ஆற்றைக் கடந்தவன் முதுகு நனைந்தவன் என்றால், கடலைக் கடந்து வந்த ஹான்ஸ் நிக்கோலஸுக்கு என்ன பெயர் சூட்டுவது? வந்தேறியின் பேரன், தான் நுழைந்த வாயிலுக்குத் தாழிட்டான் என்றல்லவா வரலாறு எழுதும்?

அதே ஐசனோவர்தான், 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் நகரிலே, ஒன்பது கறுப்பு மாணவர் வெள்ளையர் பள்ளிக்குள் நுழையக் கூடாதென்று மாநில ஆளுநரும் வெறிக் கூட்டமும் தடுத்தபோது, இராணுவத்தை அனுப்பி, துப்பாக்கி முனையின் பாதுகாப்பிலே அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார். பெயர் ஒன்று, மனிதர் ஒருவர், ஆணைகள் இரண்டு. ஒன்று வாயிலை அடைத்தது. ஒன்று வாயிலைத் திறந்தது. ஆகவே, ஒரு மனிதன் என்ன செய்வான் என்பதைப் பெயர் முன்கூட்டியே கூறிட முடியாது. அவனும் ஒவ்வொரு நாளும் முடிவெடுத்தாக வேண்டும். பாட்டனின் பெருமை அவனைக் காப்பாற்றாது; பாட்டனின் வறுமை அவனைத் தாழ்த்தாது.

இறுதியாக, அந்தப் பெயர் புறப்பட்ட ஜெர்மனிக்கே திரும்புவோம். ஹிட்லர் வீழ்ந்தான், ஆனால் 1913-ல் எழுதப்பட்ட, இரத்த வழியே குடியுரிமை என்ற சட்டத்தின் அடிப்படை வெகுகாலம் வீழவில்லை. 1961-ல் மேற்கு ஜெர்மனி, ஆள் பற்றாக்குறையால், துருக்கியிலிருந்து தொழிலாளரை வரவழைத்தது. 'விருந்தாளித் தொழிலாளி' என்று இனிக்க இனிக்கப் பெயரிட்டது. அவர்கள் சுரங்கம் தோண்டினர், கார் செய்தனர், தெரு கூட்டினர். அவர்கள் பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர், அம்மொழியே பேசினர். ஆயினும் சட்டத்தின் கண்ணிலே அயலார்! 2000-ம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலேதான், அம்மண்ணில் பிறந்த அயலார் பிள்ளைக்கும், பெற்றோர் குறித்த காலம் வாழ்ந்திருந்தால், குடியுரிமை என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2024-ல் வாயில் இன்னும் சற்று அகலமாயிற்று.

துருக்கியருக்குக் குடும்பப் பெயர் என்பதே 1934-ல் வந்த சட்டத்தின் வழியாகக் கிடைத்தது. அப்போது சூட்டிக்கொண்ட பெயர்களில் ஒன்று ஓஸ்டெமிர். ஜெம் ஓஸ்டெமிர் என்பவர் துருக்கியிலிருந்து வந்த பெற்றோருக்கு 1965-ல் ஜெர்மனியின் பாட் உராக் ஊரிலே பிறந்தவர். பிறந்த மண்ணிலேயே அயலாராக வளர்ந்தவர். பிறகு விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவர். 1994-ல் ஜெர்மன் நாடாளுமன்றத்திலே நுழைந்தார். 2021 முதல் 2025 வரை மத்திய அமைச்சராக வேளாண்மைத் துறையைக் கவனித்தார்.

அந்தப் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா? துருக்கி மொழியிலே டெமிர் என்றால் இரும்பு!

1741-ல் ஒரு வாயில் வழியே இரும்பு வெளியேறியது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு மற்றொரு வாயில் வழியே இரும்பு உள்ளே வந்தது. வெளியேறிய இரும்புக்கு ஃபிராங்ளின் முகம் சுளித்தார். உள்ளே வந்த இரும்புக்கு ஜெர்மானியர் சிலர் முகம் சுளித்தனர். இரண்டு இரும்புமே அந்தந்த நாட்டுக்குத் தூணாயின.

தோழர்களே! 1929-ல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பட்டத்தை அறுத்தெறியுங்கள் என்று கூறியபோது, அதன் உட்பொருள் இதுவே. ஷ்மிட் என்ற பெயரிலே உழைப்பின் நினைவு இருக்கிறது. அதை எவரும் அறுக்கத் தேவையில்லை. பிறர் தலைமேல் ஏறி அமரும் உரிமையையோ, பிறர் காலடியிலே கிடக்கும் கடமையையோ கூறுகிற பெயரைத்தான் அறுத்தாக வேண்டும்.

நாளை உங்கள் ஊருக்கு வேற்று மொழி பேசும் கூலித் தொழிலாளி ஒருவன் வருவான். கட்டடம் கட்டும் இடத்திலே சாரத்தின் மேல் நிற்பான். பெயரைக் கேட்டதும் சிலர் உதட்டைப் பிதுக்குவர். இவன் யார், எந்த ஊர், எந்த இரத்தம் என்று கேட்டிடுவர். அப்போது நீங்கள் அந்த பிலடெல்பியா துறைமுகத்து மேசையை எண்ணிப் பாருங்கள். மேசையின் முன்னே நிற்பவன் பேரன் என்ன ஆவான் என்பது எழுத்தருக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. ஆகவே, கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, அவனுக்கு முதலில் ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள். பெயரைப் பிறகு கேட்கலாம். கேட்கும்போது சரியாக உச்சரிக்கவும் கற்றுக்கொள்வோம்.